ஸ்டோக் பார்க்: ஒரு சொகுசு மாளிகைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்த கதை

நம்ம ஊரில் அரை கிரவுண்டு மனை வாங்குவதென்றாலும் முதல் வேலையாக வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். முப்பது வருஷத்துக்கு யார் யாருக்கு விற்றார்கள், அடமானம் ஏதும் இருக்கிறதா, பங்காளித் தகராறு உண்டா என்று துருவித் துருவிப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுப்போம். பெரிய மாளிகைகளைப் பற்றிப் படிக்கும்போதும் எனக்கு அந்தப் புத்தி போவதில்லை. கட்டடம் அழகாக இருக்கிறது, சரி. கட்டின காசு எங்கேயிருந்து வந்தது?

2021 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது, ஞாபகம் இருக்கலாம். லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டோக் பார்க் என்ற ஹோட்டல் மற்றும் கோல்ஃப் கிளப்பை நடத்திவந்த கம்பெனியை முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் குழுமம் 5 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. நம்ம கணக்கில் 592 கோடி ரூபாய். "அம்பானி லண்டன்ல அரண்மனை வாங்கிட்டாராம்" என்று வாட்ஸப்பில் ஒரு வாரம் ஓடியது. நம்மை ஆண்டவனுடைய மாளிகையை நம்மாள் வாங்கிவிட்டான் என்ற பெருமிதம் சிலருக்கு. அங்கேயும் போய் முதலாளித்துவமா என்ற எரிச்சல் சிலருக்கு. எனக்கு வாங்கியவரைவிட வாங்கப்பட்ட வீட்டின் மேல்தான் ஆர்வம். அதனால் அதற்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் போதவில்லை, நானூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லண்டனுக்கு மேற்கே பக்கிங்ஹாம்ஷயரில், ஸ்லவ் நகரத்தை ஒட்டி ஸ்டோக் போஜஸ் என்றொரு கிராமம். அங்கே சுமார் 300 ஏக்கர் பூங்காவுக்கு நடுவில், உச்சியில் குவிமாடத்தோடு வெள்ளை வெளேரென்று ஒரு மாளிகை. விற்பனை நடந்தபோது அதில் 49 அறைகள், 27 குழி கோல்ஃப் மைதானம், 13 டென்னிஸ் ஆடுகளங்கள் இருந்தன. 1964-ல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படம் பார்த்தவர்களுக்கு இடம் தெரிந்திருக்கும். ஜேம்ஸ் பாண்டும் வில்லனும் கோல்ஃப் ஆடுவார்கள், ஆட்டம் முடிந்ததும் வில்லனின் அடியாள் தொப்பியை வீசிச் சிலையின் தலையைச் சீவுவான். அது இங்கே எடுத்ததுதான். பிரிட்ஜெட் ஜோன்ஸ் படத்தில் காதலர்கள் வார இறுதிக்குப் போய்த் தங்குவதும் இங்கேதான்.

இந்த மாதிரி இடத்தில் ஒரு ராத்திரி தங்குபவர்கள் மெத்தைக்கும் குளியலறைக்கும் மட்டும் காசு கொடுப்பதில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி, பழைய மரங்கள், ஏரி, அதற்கப்பால் எந்த வீடும் தெரியாத அமைதி. ஒரு நாளைக்கு நாமும் பிரபு. ஹோட்டல் விற்பது அந்தச் சுகத்தைத்தான். பிரபுக்கள் அந்தச் சுகத்தை எப்படிச் சம்பாதித்தார்கள் என்பது தங்குபவர்களுக்குக் கிடைக்கும் புத்தகத்தில் சாதாரணமாக ஒரு பத்தியோடு முடிந்துபோகும். அந்த ஒரு பத்தியைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

விருந்தாளி ராணி, வீட்டுக்காரர் நீதிபதி

இப்போதைய வெள்ளை மாளிகைக்கு முன்னால் அங்கே செங்கல்லால் ஆன பழைய மேனர் வீடு ஒன்று இருந்தது. 16-ம் நூற்றாண்டின் நடுவில் ஹன்டிங்டன் பிரபு கட்டியது. நூற்றாண்டின் முடிவில் அது எட்வர்ட் கோக் கைக்கு வந்தது. ஆங்கிலேயச் சட்டம் படித்தவர்கள் யாரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனே என்று அரசனிடமே வாதாடியவர். 1628-ல் பாராளுமன்றம் கொண்டுவந்த உரிமை மனுவின் முக்கியச் சிற்பி.

1601-ல் முதலாம் எலிசபெத் ராணி இங்கே வந்து தங்கினார். அந்தக் காலத்தில் ராணி ஒரு வீட்டில் தங்குகிறார் என்றால் வீட்டுக்காரனுக்குக் கௌரவம் பாதி, கலக்கம் பாதி. பரிவாரம் மொத்தத்துக்கும் சோறு போட வேண்டும், போகும்போது பரிசும் கொடுத்தனுப்ப வேண்டும். கோக் கொடுத்த பரிசுகள் மட்டும் ஆயிரம் பவுண்டுக்கு மேல் பெறும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு விருந்தாளி காசு கொடுக்கிறார். அன்றைக்கு விருந்தாளி தங்கினதற்கு வீட்டுக்காரன் காசு கொடுத்தான். ஸ்டோக்கில் தங்குவதற்கான பில் அப்போதே ஆரம்பித்துவிட்டது, கட்டுகிற ஆள்தான் வேறு.

கோக்கைப் பற்றி இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 1604-ல் முடிந்த செமெய்ன் வழக்கை அவர்தான் தொகுத்து எழுதினார். ஒருவனுடைய வீடுதான் அவனுக்குக் கோட்டை என்ற சட்டக் கொள்கை அதன் வழியாகத்தான் பிரபலமானது. அரசாங்க ஆள் வந்தாலும் கதவைத் தட்டி, காரணம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். நாலு வருஷம் கழித்து, 1608-ல் கால்வின் வழக்கில் இதே கோக் இன்னொன்றும் சொன்னார். கிறிஸ்தவ நாட்டை ஓர் அரசன் ஜெயித்தால் அவன் மாற்றும் வரை அந்நாட்டுப் பழைய சட்டங்கள் செல்லும். கிறிஸ்தவர் அல்லாதவர்களின் நாட்டை ஜெயித்தால், ஜெயித்த கணமே அவர்களுடைய சட்டங்கள் செத்துப்போகும். ஆங்கிலேயனுக்கு வீடு கோட்டை. கடலுக்கு அப்பால் இருப்பவனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்தியா பக்கம் இந்தக் கொள்கை என்னென்ன செய்தது என்பது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதலாம்.

கோக் 1634-ல் இந்த வீட்டிலேயே இறந்தார். வீடு பல கை மாறி 1760-ல் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர் பெயர் தாமஸ் பென். கதை இங்கேதான் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறது.

பென்சில்வேனியாவின் முதலாளிகள்

பென் என்ற பெயரைப் பார்த்ததும் பென்சில்வேனியா நினைவுக்கு வந்தால் சரிதான். தாமஸின் அப்பா வில்லியம் பென். இரண்டாம் சார்லஸ் மன்னர் பென் குடும்பத்துக்கு 16,000 பவுண்டு கடன் பாக்கி வைத்திருந்தார். பணத்துக்குப் பதிலாக 1681-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிலப்பரப்பை எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே ஏற்கெனவே குடியிருந்த லெனாபே மக்களை யாரும் கேட்கவில்லை. டெலவேர் ஆற்றின் கரையெல்லாம் அவர்களுடைய ஊர். ஆங்கிலேயர்கள் அவர்களை டெலவேர்கள் என்றே அழைத்தார்கள்.

வில்லியம் பென் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். சத்தியம், சமாதானம், எளிமை இவற்றை முன்வைத்த சபை. மன்னர் எழுதிக் கொடுத்துவிட்டாலும், லெனாபே மக்களிடம் விலை கொடுத்துத்தான் நிலம் வாங்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஒரு எல்ம் மரத்தடியில் அவரும் லெனாபே தலைவர்களும் ஒப்பந்தம் செய்துகொண்டதாகச் சொல்லப்படும் கதை அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ரொம்பப் பிரசித்தம். ஆனால் மனிதருக்குப் பணக் கணக்கு வராது. கடனுக்காகச் சிறைக்கும் போனார். பிள்ளைகளுக்கு அவர் விட்டுப்போனது ஒரு மாகாணமும் நிறையக் கடனும்.

மகன் தாமஸ் 1732-ல் அமெரிக்கா போய் இறங்கினார். கையில் காசில்லை, விற்பதற்கு நிலம் வேண்டும். நல்ல நிலத்தில் லெனாபே ஊர்கள் இருந்தன. அப்போதுதான் ஒரு பழைய காகிதம் வெளியே வந்தது. 1686-ல் லெனாபே தலைவர்கள் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தின் நகல் என்றார்கள். மூலப் பத்திரம் எங்கே என்று கேட்டால் இல்லை. நகலில் கையெழுத்தும் இல்லை. நம்ம ஊர் பத்திர ஆபீசில் இதைக் காட்டினால் வெளியே போ என்பார்கள். ஆனால் அங்கே பத்திரத்தைச் சரிபார்க்கும் அதிகாரியும் பென் குடும்பத்தின் ஆள், நிலம் வாங்குவதும் பென் குடும்பம்.

அந்தப் பத்திரத்தின்படி ஒரு மனிதன் ஒன்றரை நாளில் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவு நிலம் பென்னுக்குச் சேரும். லெனாபே மக்களுக்கு இந்த மாதிரி அளவை புரியாத விஷயம் இல்லை. ஒருத்தன் சாதாரணமாக நடப்பான், நடுவில் உட்காருவான், சாப்பிடுவான், புகை பிடிப்பான், ஆற்றோரமாகவே போவான். அப்படி நடந்தால் எவ்வளவு வருமோ அதுதான் அவர்கள் கணக்கு. 1737 ஆகஸ்டில் லாப்பவின்சோ முதலான தலைவர்கள் ஒப்புக்கொண்டு கையொப்பம் இட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே பென் தரப்பு ஆள் வைத்து ரகசியமாக ஒத்திகை நடை பார்த்திருந்தது அவர்களுக்குத் தெரியாது.

1737 செப்டம்பர் 19. விடியற்காலையில் மூன்று பேர் கிளம்பினார்கள். எட்வர்ட் மார்ஷல், சாலமன் ஜென்னிங்ஸ், ஜேம்ஸ் யேட்ஸ். மூன்று பேரும் காட்டில் பழகிய, ஓட்டத்துக்குப் பேர்போனவர்கள். ரொம்ப தூரம் போகிறவனுக்கு ஐந்து பவுண்டும் 500 ஏக்கரும் பரிசு. முன்கூட்டியே காட்டில் தடம் வெட்டி வைத்திருந்தார்கள், சாப்பாட்டுக்குக் குதிரை கூடவே வந்தது. சாட்சிக்கு வந்த லெனாபே ஆட்கள் "இது நடையா, ஓட்டமா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, வெறுத்துப்போய்ப் பாதியில் திரும்பிவிட்டார்கள். ஜென்னிங்ஸ் முதல் நாளே விழுந்தார். யேட்ஸ் இரண்டாம் நாள் விழுந்தார். மார்ஷல் மட்டும் முடித்தார், அறுபது மைலுக்கு மேல்.

மோசடி அதோடு முடியவில்லை. நடை முடிந்த இடத்திலிருந்து டெலவேர் ஆற்றுக்கு ஒரு கோடு போட வேண்டும். நேர்கோட்டில் பக்கத்து ஆற்றங்கரைக்குப் போட்டிருந்தால் ஓரளவு நிலம்தான் வந்திருக்கும். பென்னின் சர்வேயர்கள் கோட்டை வடகிழக்காகச் சாய்த்து, ஆறு எங்கோ தூரத்தில் வளையும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர். ஒரு கணக்குக்குச் சொன்னால் நம்ம கோயம்புத்தூர் மாவட்டத்தின் பரப்புக்குக் கொஞ்சம் கூடுதல். இன்றைய பெத்லஹேம், ஆலன்டவுன், ஈஸ்டன் நகரங்கள் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன.

லெனாபே மக்கள் நகர மறுத்தார்கள். பென் தரப்பு இரோக்வாய் கூட்டமைப்பின் துணையை நாடியது. 1742-ல் பிலடெல்பியாவில் நடந்த கூட்டத்தில் இரோக்வாய் பேச்சாளர் கனசடேகோ லெனாபே தலைவர்களைச் சபையில் வைத்தே அவமானப்படுத்தி, உடனே இடத்தைக் காலி செய்யச் சொன்னார். தலைமுறை தலைமுறையாக இருந்த ஊரிலிருந்து சட்டி பானையோடு கிளம்பினார்கள். 1750-களில் போர் வெடித்தபோது அவர்களில் பலர் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் சேர்ந்து குடியேற்றங்களைத் தாக்கினார்கள். ஏன் ஆயுதம் எடுத்தீர்கள் என்று 1756-ல் ஈஸ்டன் பேச்சுவார்த்தையில் கேட்டபோது, தலைவர் டீடியஸ்கங் தரையைக் காலால் தட்டி, நான் நிற்கும் இந்த நிலமே ஏமாற்றி வாங்கப்பட்டது என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார்.

ஓடி ஜெயித்த மார்ஷலுக்கும் நிம்மதி இல்லை. சொன்ன 500 ஏக்கர் வரவில்லை என்று அவர் கடைசி வரை குறைப்பட்டுக்கொண்டிருந்தார். 1757-ல் அவர் குடும்பத்தின் மீது நடந்த தாக்குதலில் அவர் மனைவி கொல்லப்பட்டார். ஐந்து பவுண்டுக்கு ஓடினவன் தலையில் விடிந்தது. ஓட வைத்தவர் தாமஸ் பென் அதற்கு ரொம்ப நாள் முன்பே, 1741-லேயே, இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். குவேக்கர் சபையையும் விட்டு இங்கிலாந்துத் திருச்சபைக்கு மாறி, ஒரு பிரபுவின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். 1760-ல் ஸ்டோக்கை வாங்கினார். பூங்காவைத் திருத்த வந்தவர் கேப்பபிலிட்டி பிரௌன், அந்தக் காலத்து நிலவடிவமைப்பு நட்சத்திரம். இன்றைக்கு கோல்ஃப் ஆடுபவர்கள் ரசிக்கும் அந்த அலையலையான புல்வெளியும் நீர்நிலையும் அந்தத் திட்டத்தின் மிச்சம்தான்.

தாமஸின் வருமானம் முழுக்க இந்த ஒரே நடையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. மாகாணம் முழுவதும் நில விற்பனை, வருடாந்திரக் குத்தகை எல்லாம் அவருக்கு இருந்தது. ஆனால் கடனில் மூழ்கியிருந்த குடும்பம் பக்கிங்ஹாம்ஷயரில் மேனர் வாங்கும் அளவுக்கு நிமிர்ந்தது அந்த நில வியாபாரத்தால்தான். அதன் பெரிய பாய்ச்சல் 1737-ல் நடந்தது.

நிலம் போனது, மாளிகை எழுந்தது

1775-ல் தாமஸ் இறந்து அதே ஊர் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் அடக்கமானார். அடுத்த வருஷமே அமெரிக்கா சுதந்திரம் அறிவித்தது. 1779-ல் பென்சில்வேனியா சட்டசபை பென் குடும்பத்தின் பொது நிலங்களை எடுத்துக்கொண்டது. ஆனால் சும்மா எடுக்கவில்லை. அவர்களுடைய சொந்தப் பண்ணைகளை அவர்களிடமே விட்டுவிட்டு, போர் முடிந்ததும் 1,30,000 பவுண்டு நஷ்ட ஈடு தருவதாகச் சொன்னது. பிரிட்டிஷ் பாராளுமன்றமும் தன் பங்குக்கு 1790-ல் வருஷத்துக்கு 4,000 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது.

இதை நான் இரண்டு முறை படித்தேன். நிலம் போய்விட்டதே என்று நஷ்ட ஈடு வாங்கியது பென் குடும்பம். அவர்களிடம் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அதே சமயத்தில் ஒஹாயோ பக்கம் துரத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

தாமஸின் மகன் ஜான் பென் 1783-ல் அமெரிக்கா போய், மிச்சச் சொத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து வருஷம் இருந்தார். பிலடெல்பியாவில் 'தனிமை' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்து ஒரு சின்ன வீடு கட்டினார். அது இன்றைக்கும் பிலடெல்பியா மிருகக்காட்சி சாலைக்குள் இருக்கிறது. திரும்பி வந்ததும் 1789-ல் பழைய மேனர் வீட்டின் பெரும்பகுதியை இடித்தார். அதே பூங்காவில் புதிய மாளிகை எழுந்தது. ராபர்ட் நாஸ்மித் ஆரம்பித்தார், அவர் இறந்ததும் ஜேம்ஸ் வயட் தொடர்ந்தார். பூங்காவுக்கு ஹம்ப்ரி ரெப்டன் யோசனை சொன்னார். கட்டடக்கலையில் அன்றைக்கு இருந்த பெரிய தலைகள் எல்லாம் இங்கே வந்து போயிருக்கிறார்கள்.

ஜான் பென் கவிதை எழுதுபவர், கல்யாணம் ஆகாதவர், நினைவுச்சின்னம் வைப்பதில் ஆசை உள்ளவர். ஸ்டோக் போஜஸ் கல்லறைத் தோட்டத்தை வைத்து எழுதியதாகக் கருதப்படும் இரங்கற்பாவால் அழியாப் புகழ் பெற்ற கவிஞர் தாமஸ் கிரே அங்கேயேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். அவருக்கு 1799-ல் பக்கத்தில் ஒரு பெரிய நினைவுச்சின்னம் எழுப்பினார். பூங்காவுக்குள் ஓர் உயரமான தூணை நட்டு, அதன் உச்சியில் எட்வர்ட் கோக்கின் சிலையை வைத்தார். ஊரில் வாழ்ந்த கவிஞருக்கும் நீதிபதிக்கும் மரியாதை செய்தது நல்ல குணம்தான். வீடு கோட்டை என்று சொன்னவரின் சிலையை, அடுத்தவர் வீட்டை இழக்க வைத்த குடும்பத்தின் பிள்ளை நட்டு வைத்திருக்கிறார் என்பது அவருக்கு உறைத்திருக்குமா தெரியாது. கால்வின் வழக்கை நினைத்துப் பார்த்தால், கோக்குக்கே அதில் முரண்பாடு எதுவும் தெரிந்திருக்காது.

தீப்பெட்டிக் காசு

பென் குடும்பம் 1848-ல் விற்றுவிட்டது. நடுவில் இரண்டு பேர் கை மாறி, 1887-ல் வில்பர்ஃபோர்ஸ் பிரையன்ட் வாங்கினார். பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டிக் கம்பெனியை நிறுவியவரின் மகன். இந்தக் கம்பெனியை ஆரம்பித்த பிரையன்ட்டும் மேயும் குவேக்கர்கள். மறுபடியும் குவேக்கர் வேர், மறுபடியும் ஸ்டோக் பார்க்.

அடுத்த வருஷமே, 1888 ஜூன் 23-ம் தேதி, லண்டனில் ஒரு சின்னப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. பங்குதாரர்களுக்கு 23 சதவீதம் லாபம் கொடுக்கும் இந்தக் கம்பெனியில், பதினாறு வயசுப் பெண்ணுக்கு வாரக்கூலி நாலு ஷில்லிங். கால் அழுக்காக இருந்தால் அபராதம், பேசினால் அபராதம். வெள்ளைப் பாஸ்பரஸின் புகையால் தீப்பெட்டித் தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகும் நோய் வந்துகொண்டிருந்த காலம் அது. கட்டுரையின் தலைப்பில் 'அடிமைத்தனம்' என்ற சொல் இருந்தது. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்ஃபோர்ஸின் பெயரை வைத்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை மாதத்துக்குள் ஜெயித்தும் காட்டினார்கள்.

அந்தக் கட்டுரையை எழுதியவர் அன்னி பெசன்ட். ஆமாம், நம்ம அடையாறு அன்னி பெசன்ட்தான். பிற்பாடு பிரம்மஞான சபைத் தலைவராகிச் சென்னையில் வாழ்ந்து, 1933-ல் அங்கேயே காலமானவர். பெசன்ட் நகர் பீச்சில் காற்று வாங்கப் போகும்போது இதையும் ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம்.

காசு கொடுத்தால் பிரபு

1870-களிலிருந்து அமெரிக்கச் சமவெளிகளின் கோதுமை மலிவாக இங்கிலாந்தில் வந்து இறங்கியது. ஆங்கிலேய நிலப்பிரபுக்களின் குத்தகை வருமானம் படுத்துவிட்டது. 1894-ல் இறப்பு வரியும் கடுமையானது. நூற்றுக்கணக்கான மாளிகைகள் அடுத்த சில பத்தாண்டுகளில் இடிபட்டன. தப்பியவை பள்ளிக்கூடமாகவோ ஆஸ்பத்திரியாகவோ ஹோட்டலாகவோ மாறின.

ஸ்டோக் பார்க் அதில் முந்திக்கொண்டது. 1908-ல் நிக் லேன் ஜாக்சன் என்பவர் இதை வாங்கினார். கொரிந்தியன் கால்பந்துக் கழகத்தை 1882-ல் ஆரம்பித்தவர். அமெரிக்காவில் 1882-லேயே பாஸ்டன் பக்கத்தில் பணக்காரர்கள் 'கன்ட்ரி கிளப்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். நகரத்தில் வேலை பார்ப்பவன் வார இறுதியில் குடும்பத்தோடு வந்து விளையாடி, சாப்பிட்டு, தங்கிப் போகலாம். மாளிகை வேண்டாம், சந்தா கட்டினால் போதும். அந்த ஏற்பாட்டை ஜாக்சன் இங்கே கொண்டுவந்தார். பிரிட்டனின் முதல் கன்ட்ரி கிளப் என்று ஸ்டோக் பார்க் தன்னைச் சொல்லிக்கொள்வது இதை வைத்துத்தான். ஹாரி கோல்ட் கோல்ஃப் மைதானம் வடிவமைத்தார். அமெரிக்க நிலத்தின் காசில் எழுந்த மாளிகை, அமெரிக்கக் கோதுமை அடித்த காலத்தில், அமெரிக்க யோசனையால் பிழைத்துக்கொண்டது.

பிரபுவின் பூங்கா கோல்ஃபுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றும் கேட்கலாம். பிரௌன், ரெப்டன் போன்றவர்கள் ஏற்கெனவே ஏர் உழாத, குடிசை தெரியாத, பார்க்க மட்டுமே ஆன புல்வெளியை உருவாக்கி வைத்திருந்தார்கள். அதில் குழி தோண்டிக் கொடி நட வேண்டியதுதான் பாக்கி. விளைச்சல் இல்லாமல் முன்னூறு ஏக்கரைச் சும்மா வைத்துக்கொள்ள முடிவதுதான் பிரபுத்தனத்தின் அடையாளம். அறை எடுத்துத் தங்குபவர் அனுபவிப்பதும் அதைத்தான்.

315 ஏக்கர்

இனி வில்லங்கத்தின் கடைசிப் பதிவு. லெனாபே மக்கள் மறைந்துபோய்விடவில்லை. ஒஹாயோ, இண்டியானா, கான்சாஸ் என்று தள்ளித் தள்ளி, இன்றைக்கு ஓக்லஹோமாவிலும் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பிரிவான டெலவேர் நேஷன் 2004-ல் அமெரிக்க மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 12 லட்சம் ஏக்கரையும் கேட்கவில்லை. ஈஸ்டன் பக்கத்தில் டாடமி என்ற லெனாபேக்காரருக்கு ஒரு காலத்தில் வழங்கப்பட்ட வெறும் 315 ஏக்கரைக் கேட்டார்கள்.

வழக்கு தள்ளுபடியானது. 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மோசடி நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அன்றைக்கு ஆட்சியதிகாரம் தாமஸ் பென் கையில் இருந்தது; ஆட்சியாளர் பூர்வகுடி உரிமையை முடித்துவைத்தால் எப்படி முடித்தார் என்று நீதிமன்றம் கிளற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே இல்லை. அவர்கள் கேட்டது 315 ஏக்கர். ஸ்டோக் பார்க் சுமார் 300 ஏக்கர். இது வெறும் தற்செயல்தான், ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என்னால் மறக்க முடியவில்லை.

ஆக, சட்டப்படி பார்த்தால் ஸ்டோக் பார்க்கின் மேல் வில்லங்கம் ஏதும் இல்லை. வாங்கியவர்கள், விற்றவர்கள் எல்லாரிடமும் சுத்தமான பத்திரம் இருக்கிறது. வில்லங்கச் சான்று அவ்வளவுதான் சொல்லும். ஓர் ஊரில் குடியிருந்தவர்கள் இனி அங்கே தங்க முடியாமல் போனதால் வந்த காசு, வேறோர் ஊரில் மற்றவர்கள் சுகமாகத் தங்குவதற்கு வீடாக மாறியது என்பதைப் பதியும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. அதற்காக அங்கே தங்கினவர்களையோ ஆடினவர்களையோ குற்றம் சொல்வது என் நோக்கமில்லை. தஞ்சாவூர் ஆனாலும் செட்டிநாடு ஆனாலும், நாம் அண்ணாந்து பார்க்கிற எந்த மாளிகைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது என்கிறேன், அவ்வளவே.

2021 ஆகஸ்டில் ஸ்டோக் பார்க் சீரமைப்புக்காக விருந்தினர்களுக்கு மூடப்பட்டது. ஆனால் அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு கிடைத்தால், அறை எடுக்காமலே பார்க்கக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம். அதன் தோட்டத்தில் கிரேயின் கல்லறை, உள்ளே தாமஸ் பென்னின் குடும்பத்தார். இன்னொன்று பக்கத்து வயலில் ஜான் பென் எழுப்பிய கிரே நினைவுச்சின்னம், இப்போது தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

லாப்பவின்சோவைப் பார்க்க வேண்டுமென்றால் தேட வேண்டியது பிலடெல்பியாவில். அந்த நடைக்கு இரண்டு வருஷம் முன்னால், 1735-ல், பென் குடும்பமே குஸ்தாவஸ் ஹெசீலியஸ் என்ற ஓவியரை வைத்து அவர் முகத்தை வரையச் சொல்லியிருந்தது. அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்களை அவரவர் முகச்சாயலோடு வரைந்த ஆரம்பகாலப் படங்களில் அது முக்கியமானது. கிரான்வில் பென் 1834-ல் அதை பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுத்தார். இணையத்தில் தேடினாலே கிடைக்கும். நெற்றியில் கவலைக் கோடுகளோடு, எதிரில் இருப்பவரை நம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போல இருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து அவர் நம்பிக் கையொப்பம் போட்டார்.